இரண்டாம் பக்கத்திலிருந்து

என் அக்காவின் கணவரைப் பற்றி நல்லதாக ஒரு வரி எழுதச் சொன்னால், அவர் கையெழுத்து அழகு என்று எழுதுவேன். அடுத்த வரிக்கு யோசிக்க வேண்டும். முப்பது வருடமாக அத்தான் என்று கூப்பிடுகிறேன். கூப்பிடுவதில் மரியாதைக்குக் குறை வைத்ததில்லை. மனசுக்குள் என்ன வைத்திருந்தேன் என்பது வேறு விஷயம்.

மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரியின் பெரிய வாசலுக்கு நேர் எதிரே அவருடைய ஜெராக்ஸ் கடை. அதே வாசலுக்கு உள்ளே, கல்லூரி நூலகத்தில் எனக்கு வேலை. நடுவில் ஒரு சாலைதான். சாலைக்கு இந்தப் பக்கம் மருத்துவத் தகவல் என்றால் என்னவென்று தெரிந்த நான் இருக்கிறேன், அந்தப் பக்கம் அத்தான் இருக்கிறார் என்று பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பள்ளி இறுதியில் இரண்டு தடவை கோட்டை விட்டவர். தட்டச்சில் மட்டும் முதல் முயற்சியிலேயே தேறினார். என்ன எழுதியிருக்கிறது என்று யோசிக்காமல் அடிக்கிறவனுக்குத்தான் அங்கே வேகம் வரும். ஒரு வக்கீல் ஆபீசில் ஒன்பது வருடம் அடுத்தவர்களின் சண்டையை அடித்துக்கொடுத்தார். வக்கீல் போய்ச் சேர்ந்ததும் ஒரு பழைய காப்பி மெஷினை வாங்கிக்கொண்டு ஆஸ்பத்திரி எதிரே வந்து உட்கார்ந்தார். அக்கா அப்போது சொன்னாள்: "இனிமே அவருக்கு நகல் எடுக்கற வேலைதான். தப்பு பண்றதுக்கு அதுல என்னடி இருக்கு?" பாவம், மனிதனின் திறமையைக் குறைத்து எடைபோட்டுவிட்டாள்.

கடை ஆறடி அகலம், பத்தடி நீளம். இரண்டு காப்பி மெஷின், ஒரு கம்ப்யூட்டர், ஒரு லேமினேஷன் மெஷின். யாரும் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க நூல் கட்டிய ஸ்டேப்ளர். கால் ஆடும் பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. ஆரம்பத்தில் அடையாள அட்டையும் ஸ்கேன் ரிப்போர்ட்டும் நகல் எடுத்தார். ஒரு தொந்தரவும் இல்லை. ஒருநாள் யாரோ ஒரு ஆள் சாலையைக் கடந்து வந்து ஒரு சீட்டை நீட்டியிருக்கிறான். அதில் அவன் அம்மாவின் நோய்ப் பெயர். உள்ளே இருந்த டாக்டர் அதைச் சொல்ல ஒரு நிமிஷமும், அடுத்த ஆளைக் கூப்பிட அரை நிமிஷமும் எடுத்துக்கொண்டிருக்கிறார். "இது என்ன வியாதின்னு கம்ப்யூட்டர்ல பாத்து சொல்ல முடியுமாங்க?" என்று கேட்டிருக்கிறான். அத்தான் தேடினார். முதலில் வந்து விழுந்ததை அச்செடுத்துக் கொடுத்தார். அந்த ஆள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டானாம். அதோடு கெட்டது. ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை என்பார்கள். இங்கே ஆலை இருந்தது. அதன் கதவுதான் திறக்கவில்லை. அத்தான் சர்க்கரை ஆனார்.

ஒரு வருடத்துக்குள் அவருக்குப் 'பேப்பர் டாக்டர்' என்று பெயர் வந்துவிட்டது. கூப்பிட்டவர்கள் பாதிப் பேர் கிண்டலாகத்தான் கூப்பிட்டார்கள். அவர் முழுதாக எடுத்துக்கொண்டார்.

அவருடைய முறை என்னவென்று சொல்லிவிடுகிறேன், கேட்டால் தலையில் அடித்துக்கொள்வீர்கள். முதலில் வரும் பக்கம்தான் சிறந்த பக்கம் என்பது அவர் கொள்கை. "நல்லதா இல்லைன்னா முன்னாடி வருமா?" என்பார். அச்செடுக்கும்போது தாளின் தலையிலும் காலிலும் வரும் சின்ன எழுத்துகளை நீக்கிவிடுவார். பார்க்க அசிங்கமாக இருக்கிறதாம். அந்தச் சின்ன எழுத்தில்தான் எந்தத் தளம், எந்தத் தேதி என்பது இருக்கும். அதைவிடப் பெரிய சாமர்த்தியம் ஒன்று உண்டு. எதை அச்செடுத்தாலும் முதல் பக்கத்தை விட்டுவிடுவார். முதல் பக்கத்தில் பெரிய படமும் வண்ணப் பட்டைகளும் இருக்கும், மை தின்னும். 'இரண்டு முதல் கடைசி வரை' என்று போட்டுவிட்டுப் பொத்தானை அழுத்துவார். இருபது வருடம் மையைக் காத்த கை அது, தானாகவே போகும். அடிக்கடி கேட்கப்படும் நோய்களுக்கு அவ்வப்போது தேடிக்கொண்டிருக்க முடியாது என்று மொத்தமாக எடுத்துத் தட்டுகளில் அடுக்கி வைத்திருந்தார். ஒவ்வொரு தட்டிலும் அழகான கையெழுத்தில் சீட்டு: சர்க்கரை, கல், மூட்டு, மூச்சு. பேருந்து நேரப் பட்டியலை எடுப்பது மாதிரி ஜனங்கள் எடுத்துக்கொண்டு போனார்கள். பெரிய நோயாக இருந்தால் லேமினேஷன் செய்து கொடுப்பார். நோயாளி போய்விட்டாலும் தாள் இருக்கும்.

நான் என்ன வேலை செய்கிறேன் என்பதையும் சொல்ல வேண்டும், இல்லையென்றால் இவளுக்கு என்ன இவ்வளவு வாய் என்று தோன்றும். ஒரு மருத்துவத் தகவல் கைக்கு வந்தால் நான் கேட்பது நான்கே கேள்வி: யார் எழுதியது, எப்போது எழுதியது, யாருக்காக எழுதியது, எழுதவைத்தது யார் காசு. இந்த நான்கையும் தாண்டி வருவது நூற்றில் பத்துகூட இராது. படித்த டாக்டர்களிடமே இந்தக் கேள்விகளை எதிர்பார்க்க முடிவதில்லை. முதுநிலை மாணவர்கள் வந்து, "மேடம், ஏதாவது ரெண்டு கட்டுரை எடுத்துக் குடுங்க, புதுசா இருந்தா போதும்" என்பார்கள். எடுத்துக் கொடுத்தால் மேலே இருக்கும் சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு முழுதையும் கரைத்துக் குடித்த முகத்தோடு போவார்கள். நுனிப்புல் மேய்வதற்கு வெள்ளைக் கோட்டு எதற்கு என்று எனக்குத் தோன்றும். அவர்கள் மேலேயே அந்த மரியாதை என்றால், எதிர்க்கடை மேல் எவ்வளவு இருந்திருக்கும் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அத்தானின் சரித்திரத்தில் உச்சகட்டம் ஒரு பேருந்து ஓட்டுநர். சிறுநீரகம் பழுது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். என்ன சாப்பிடலாம் என்று அவர் மனைவி வந்து கேட்க, அத்தான் தேடி, கம்ப்யூட்டரே மொழிபெயர்த்த தமிழில் நான்கு பக்கம் எடுத்துக் கொடுத்தார். அந்த அம்மாள் அதைச் சமையலறையில் ஒட்டிவைத்து வரி பிசகாமல் செய்தாள். உப்பு கிடையாது, கறியை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டு, தினமும் அரை மணி நடக்க வை. கடைசிப் பக்கத்தில், "உங்கள் செல்லம் சாப்பிட மறுத்தால் கையால் ஊட்டிப் பாருங்கள்" என்று இருந்தது. கல்யாணமாகி இருபத்தைந்து வருடத்துக்குப் பிறகு அவள் புருஷனுக்கு ஊட்டிவிட ஆரம்பித்தாள். எந்த டாக்டர் இவ்வளவு அன்பாக எழுதியிருக்கிறார் என்று கேட்டுப்போகக் கடைக்கே வந்துவிட்டாள். அப்போது நான் அங்கே இருந்தேன். கம்ப்யூட்டரில் அந்தத் தளத்தைத் திறக்கச் சொன்னேன். முதல் பக்கத்தில், திரை நிறைய, நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு ஒரு நாய்.

இந்தக் கதையை நான் எத்தனை இடத்தில் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை. வீட்டில் சாப்பிட உட்காரும்போது, உறவுக்காரர்கள் வந்திருக்கும்போது, நூலகத்தில், அவர் இருக்கும்போது, இல்லாதபோது. ஒவ்வொரு தடவையும் அக்கா கண்ணில் தண்ணீர் வரச் சிரிப்பாள். "ஆயிரம் பேரைக் கொன்றவன் அரை வைத்தியன்னு சொல்வாங்க. அத்தான், நீங்க இப்ப எத்தனையாவதுல இருக்கீங்க?" என்று கேட்பேன். அவரும் சிரிப்பார். "அந்த டிரைவர் நல்லாத்தான் இருக்கான்மா, பாத்தா கை காட்டறான்" என்பார். அவமானம் என்பது சிலருக்கு ஒட்டவே ஒட்டாது என்று நினைப்பேன்.

அக்காவுக்கு மூட்டுகளில் வாதம் வந்தது. காலையில் விரல்களை மடக்க முடியாது, டம்ளரைப் பிடிக்க முடியாது. ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்தார்கள். ஒன்றரை வருடம் தினமும் சாப்பிட்டாள். கை பழைய நிலைக்குத் திரும்பியது, ஆனால் முகம் உப்பி உருண்டையாகிவிட்டது. அக்கா அழகி. எங்கள் இருவரில் அழகு அவளுக்கு, படிப்பு எனக்கு என்று பங்கு பிரித்திருந்தார்கள் வீட்டில். அவளுடைய பங்கு கண்ணெதிரே போனது.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு அத்தான் நூலகத்துக்கு வந்தார். இத்தனை வருடத்தில் அதுதான் முதல் தடவை. செருப்பை வாசலில் விட்டுவிட்டு வெறுங்காலோடு வந்து நின்றார். இங்கே யாரும் கழற்றுவதில்லை. மேசைகளில் இருந்த மாணவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் கூச்சமாக இருந்தது.

"வேலையா இருக்கியாம்மா?"

"சொல்லுங்க அத்தான்."

"அக்கா இப்பல்லாம் கண்ணாடியே பாக்கறதில்ல. முகம் இப்படி ஆயிடுச்சுன்னு அழறா. அந்த மாத்திரையாலதான்னு நெனைக்கறேன். எவ்வளவு நாள் சாப்பிடணும், எப்ப நிறுத்தலாம்னு எங்கயாவது எழுதியிருக்குமில்ல? கண்ட இடத்துல தேட எனக்குப் பயமா இருக்கு. நீ நல்ல இடமா சொல்லேன்."

ஊரார் உடம்புக்கு வராத பயம் தன் பெண்டாட்டி உடம்பு என்றதும் வந்துவிட்டது பாருங்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"டாக்டர்கிட்ட கேக்கலையா?"

"போன தடவை கேக்க வாயைத் திறக்கறதுக்குள்ள அடுத்த ஆளைக் கூப்பிட்டுட்டாங்க. இனி அடுத்த மாசம்தான்."

பேராசிரியர் ஒருவர் மதியத்துக்குள் பதினான்கு கட்டுரை கேட்டிருந்தார். இவருக்கு உட்கார்ந்து விளக்கினால் அரை நாள் போய்விடும், விளக்கினாலும் மண்டையில் ஏறாது என்று முடிவு கட்டினேன். ஒரு துண்டுத் தாளை எடுத்து, பொறுக்கியெடுத்த ஏழு தளங்களின் பெயரை எழுதிக் கொடுத்தேன். எல்லாம் தங்கம். இரண்டில் தமிழிலேயே நோயாளிகளுக்கான கையேடுகள் உண்டு.

"இந்த ஏழுல மட்டும் தேடுங்க. வேற எதையும் திறக்காதீங்க. இதுல இருக்கறது சரி, மத்ததெல்லாம் குப்பை."

"எப்படிப் பாக்கணும்னு ஏதாவது..."

"எழுத்து தெரியும்ல?"

அவர் சிரித்தார். தாளை நாலாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார். "ரொம்ப உபகாரம்மா" என்றார். எனக்குப் பின்னால் ஒரு மாணவன் களுக்கென்று சிரித்தது கேட்டது. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அடுத்த வாரம் புதன்கிழமை விடுமுறை. மதியம் அக்கா வீட்டுக்குப் போனேன். கூடத்துச் சோபாவில் சுருண்டு படுத்திருந்தாள். பக்கத்தில் ஒரு வாளி. காலையிலிருந்து மூன்று தடவை வாந்தி என்றாள். உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து எழுந்திருக்கப் போனவள், கண் இருட்டுகிறது என்று அப்படியே சாய்ந்துவிட்டாள்.

அத்தான் எலுமிச்சம்பழம் பிழிந்துகொண்டு வந்தார். முகத்தில் ஒரு பெருமை. "மாத்திரையை நிறுத்தி இன்னியோட ஆறு நாள். கன்னம் குறைஞ்சிருக்கு பாத்தியா? உள்ள இருக்கற மருந்தெல்லாம் வெளிய போகும்போது கொஞ்சம் வாந்தி இருக்கும்னு நெனைக்கறேன்."

"யாரு நிறுத்தச் சொன்னது?"

அவர் ஃபிரிட்ஜின் கதவைக் காட்டினார். லேமினேஷன் செய்த தாள் ஒன்று அதில் ஒட்டியிருந்தது. போய்ப் படித்தேன். "ஆகவே இவர்கள் மாத்திரைகளை அப்படியே நிறுத்திவிடலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டிய அவசியமில்லை" என்று பாதியில் தொடங்கியது.

"முதல் பக்கம் எங்க?"

"முதல் பக்கத்துல எப்பவும் படம்தானேம்மா..."

மேற்கொண்டு கேட்க நேரமில்லை. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு சாப்பிட்டவர்களுக்கு, உடம்பு தானாகச் சுரக்க வேண்டியதைச் சுரக்காமல் தூங்கிப் போயிருக்கும். மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து அதை எழுப்ப வேண்டும். திடீரென்று நிறுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து ஆளே போய்விடலாம். இது தெரிய டாக்டராக வேண்டியதில்லை. எங்கள் நூலகத்தில் தூசி தட்டுகிறவருக்குக்கூட இதற்குள் தெரிந்திருக்கும். அக்காவை இரண்டு பக்கமும் தாங்கிக் கொண்டுபோய் ஒரு வாடகைக் காரில் ஏற்றினோம். அவள் தலை என் தோளில் கனத்தது. கை ஜில்லென்று இருந்தது.

போகும் வழியில் என் போனில் அந்தக் கையேட்டைத் தேடி எடுத்தேன். முதல் பக்கத்தில் ஒரு பெண் மூச்சு மருந்தை வாயில் வைத்திருக்கும் படம். அதன் கீழே பெரிய எழுத்தில்: 'ஆஸ்துமா திடீரென்று அதிகமானதற்காக ஒரு வாரத்துக்கு மட்டும் மாத்திரை தரப்பட்டவர்களுக்கு.' கட்டம் போட்டு இன்னொன்றும் இருந்தது: 'நீங்கள் நெடுநாளாக இந்த மாத்திரையை எடுப்பவர் என்றால் இந்தக் கையேடு உங்களுக்கு அல்ல. திடீரென நிறுத்துவது உயிருக்கு ஆபத்து.' நல்ல ஆஸ்பத்திரி, டாக்டர்கள் எழுதியது, போன வருடம் சரிபார்த்தது. ஒரு எழுத்து தப்பில்லை.

என் அக்கா சாகக் கிடந்தாள். அந்தக் காருக்குள் அவள் கையைத் தேய்த்துச் சூடேற்றிக்கொண்டே இருந்தேன். ஆனால் இன்னொன்றும் நடந்துகொண்டிருந்தது, மறைத்து என்ன ஆகப் போகிறது. முன் சீட்டில் உட்கார்ந்திருந்த அவருடைய நரைத்த பிடரியைப் பார்த்துக்கொண்டே, இவரை என்ன சொல்லிக் கிழிக்க வேண்டும் என்று வாக்கியம் வாக்கியமாகச் சேர்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் முன்னால் வைத்துச் சொல்ல வேண்டும், நர்ஸ்கள் முன்னால் சொல்ல வேண்டும், இந்த ஆளுடைய கடையை இன்றோடு மூட வைக்க வேண்டும். இருபது வருடமாக நான் சொல்லிவந்தது நிரூபணம் ஆகிவிட்டது. அதில் எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அவசர சிகிச்சைப் பிரிவில் உடனே ஊசி போட்டு, கையில் டிரிப்ஸ் ஏற்றினார்கள். இரண்டு மணி நேரத்தில் அக்காவின் உதட்டில் இரத்தம் தெரிந்தது. கண்ணைத் திறந்து தண்ணீர் கேட்டாள். அத்தான் கட்டிலின் கால்மாட்டில் அவள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். கீழே வைக்கக்கூடத் தோன்றவில்லை அவருக்கு.

பணியில் இருந்தது ஒரு இளம் டாக்டர். என்னிடம் கட்டுரை வாங்க வருகிறவர்களில் ஒருவர். நோயாளியின் கோப்பைத் திறந்து வைத்துக்கொண்டார். "தப்பிச்சாங்க மேடம். நாளைக்குன்னு விட்டிருந்தா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார். பிறகு, "மாத்திரையை யாரு நிறுத்தச் சொன்னது?" என்று கேட்டார்.

நான் தயாராக இருந்தேன். "இதோ நிக்கறாரே, இவர்தான்..." என்று ஆரம்பித்தேன்.

"அவங்களே சொல்லட்டும் மேடம்" என்று அக்கா பக்கம் குனிந்தார். "சொல்லுங்கம்மா. யாரு சொல்லி நிறுத்தினீங்க?"

"தங்கச்சி" என்றாள் அக்கா.

எனக்குச் சரியாகக் கேட்கவில்லை என்றுதான் நினைத்தேன். "அக்கா, நானா? அது அவர் குடுத்த பேப்பர். முதல் பக்கத்தைத் தூக்கிப் போட்டுட்டு..."

"அவர் குடுக்கற பேப்பரை நான் என்னைக்குடி நம்பியிருக்கேன்?" குரல் மெல்லியதாக இருந்தாலும் ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக வந்தது. "நீதானே சொல்லிச் சொல்லிச் சிரிக்க வெச்ச. அவர் ஜலதோஷத்துக்குப் பேப்பர் நீட்டினாக்கூட நான் தொட மாட்டேன். இது நீ எழுதிக் குடுத்த இடம்னாரு. இதுல இருந்தா சரின்னு நீ சொன்னியாமே. அதான் ஒரு வரி படிக்காம மாத்திரையை நிறுத்தினேன்."

அத்தான் செருப்போடு முன்னால் வந்தார். "இல்லைங்க டாக்டர், தப்பு என்னோடது. அந்த முதல் பக்கத்தை நான்தான்..."

"நீங்க சும்மா இருங்க" என்றாள் அக்கா. அவர் செருப்போடு பழையபடி கால்மாட்டுக்குப் போனார்.

டாக்டருக்கு இந்தக் குடும்ப விவகாரத்தில் அக்கறை இல்லை. வெளியே இன்னும் நான்கு பேர் காத்திருந்தார்கள். கோப்பில் எழுதத் தொடங்கினார். ஆறு நாள் முன்பு, என்று எழுதினார். உறவினர் ஆலோசனையின் பேரில், என்று எழுதினார். அடைப்புக்குறி போட்டுவிட்டுப் பேனாவை நிறுத்தி, உள்ளே விடுவதற்காக வாசலில் காட்டிவிட்டு நான் கழுத்தில் மாட்டியிருந்த நூலக அட்டையைப் பார்த்தார்.

"தங்கைன்னா நீங்கதானே மேடம்?"

ஆமாம் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.